பேய் தேடிய இருவரும் ஒரு போர்வையும்

நேற்றுப் பின்னேரம் உங்கள் பாலையூற்று வீட்டு அறையில் இருந்தவர்கள்: நான், உங்கள் மகள் நஸ்ரின், ஒலிப்பதிவு செய்யக் கைபேசியோடு என் வீட்டுக்காரர். மூன்று பேர்தான். வீட்டுச் செலவு எழுதிப் பழகியவளுக்கு ஆட்களையும் எண்ணாமல் இருக்க முடிவதில்லை, ராத்தா. நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு இதுதான் முதல் பதிவு.

வெளியே காகம் கத்துவது பதிவில் விழாமலிருக்க, பழையபடி தடித்த போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டோம். உங்கள் அத்தர் வாசம் இன்னும் அதில் இருந்தது.

துறைமுகப் பக்கத்துப் பாழ்வீடுகளில் பேய் தேடும் இரண்டு பெண்களின் கதையை நீங்கள்தான் எழுதினீர்கள். ஒலி நாடகமாக்கி வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பினோம். பேயை நம்புகிற, பயமில்லாத பெண் நீங்கள். எதையும் நம்பாதவள் நான். "கடவுளும் இல்லை, பேயும் இல்லை" என்பது என் முதல் வசனம். முதல் நாள் அதைப் பேச மறுத்தேன்.

"எனக்கு ஏலாது ராத்தா. இப்பதான் விளக்கு வைச்சிட்டு வந்தனான்."

"நீயா சொல்றாய் புள்ள? அவள் சொல்றாள்."

சொன்னேன். அதற்கு முன் "முருகா, பொறுத்துக்கொள்" என்று முணுமுணுத்ததும் பதிவாகிவிட்டது. அழிக்கச் சொன்னேன், நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"இருக்கட்டும். வாயால இல்லையெண்டு சொல்லி உள்ளுக்க கும்பிடுறவள். இவளை விட்டுட்டு நான் ஒரு பேய் வீட்டுக்கும் போக மாட்டன்."

அன்றிலிருந்து அந்த இருவரும் சண்டை பிடித்துக்கொண்டே ஒருவரையொருவர் விடாதவர்கள் ஆனார்கள். மீன் கடையில் என்னை 'முருகா அக்கா' என்றே கூப்பிட்டார்கள்.

பயங்கரமான இடம் வந்தால் போர்வைக்குள் என் கையைப் பிடிப்பீர்கள்.

"கை பிடிக்கிறது கேக்கிற ஆக்களுக்குத் தெரியாதே ராத்தா."

"உன்ட குரல்ல தெரியும்."

கடைசிப் பகுதி பாதியில் நிற்கிறது. கதையில் நீங்கள் பாழ்வீட்டுக்குள் போய்விட்டீர்கள். நான் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். மிச்சமிருக்கும் உங்கள் வசனங்களை, "நான் பேசட்டுமா?" என்று நஸ்ரின் கேட்கிறாள். குரல் அப்படியே உங்களுடையது. அதனால்தான் என்னால் உடனே ஓம் சொல்ல முடியவில்லை.

என் வசனத்தை மட்டும் பேசினேன்: "உள்ள இருக்கிறீங்களோ? ஒரு சத்தம் தாங்கோ." பேயிடம் கேள்வி கேட்டால் பதிலுக்கு இடம் விடவேண்டும் என்பீர்களே, அப்படியே சும்மா இருந்தோம். இருட்டில் பிள்ளையின் கை என் கையைத் தேடியது. பிடித்துக்கொண்டேன்.

அவளிடம் ஓம் சொல்லட்டுமா, ராத்தா? காத்திருக்கிறாள். கெதியாகப் பதில் சொல்லுங்கள்.