அரக்குச் சேலையை எடுத்து வைத்தேன்

ஆவணி 14, வியாழன்.

மனசு ஆறவே இல்லை. காலையில் ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டுக்குச் சேலை பார்க்க வந்தார். நேற்றுத்தான் தறியிலிருந்து அறுத்த அரக்குச் சேலையைப் பிரித்துக் காட்டினேன். ஜரிகையைத் தடவிப் பார்த்தார். "பியூட்டிஃபுல்! ஐ வில் திங்க் அபௌட் இட்" என்று சிரித்தபடி கும்பிட்டுவிட்டுப் போனார். மூன்று மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்தவள் அல்லவா நான்! யோசித்துவிட்டு வருவார் என்று சேலையை மடித்துத் தனியாக எடுத்து வைத்தேன்.

மத்தியானம் தாமலிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். அவர்கள் கேட்டதும் அரக்குதான். ஒருவருக்கென்று எடுத்து வைத்தாகிவிட்டது என்றேன். "அப்ப இன்னும் நாலு எடம் பாத்துட்டு வர்றோம்மா" என்று எழுந்தார்கள். இனி வரமாட்டார்கள் என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது.

விளக்கு வைத்த பிறகும் வெள்ளைக்கார அம்மா வரவில்லை. தறியை விட்டு எழுந்த வீட்டுக்காரர், "அந்தம்மா வேணாம்னுதான் சொல்லிட்டுப் போச்சு. மூஞ்சியப் பாத்தே தெரியலயா?" என்றார். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாத மனுஷன்! இதைக் காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

எட்டு மணிக்கு இங்கிலீஷ் கிளாஸ் சார் போன் செய்து, அடுத்த பேட்சிலும் சேரச் சொன்னார். இருந்த எரிச்சலில், "ஐ வில் திங்க் அபௌட் இட், சார்" என்றேன்.

"வெரி குட்மா! உன் பேர எழுதிக்கினேன். திங்கக்கிழமை வந்துடு" என்றார்.