மாஹிராவுக்குக் கோழிக்கால்

அக்கா,

சந்தேகம் என்கிற வியாதியே அண்டாத ஒரே மனுஷன் இந்தப் பழவேற்காட்டில் உன் தம்பி மொஹசின்தான். அதனால்தான் நேற்று, நாளைய தீம் பார்க் டூருக்கு வீட்டிலேயே கோழி பொரித்து ஒளித்து எடுத்துப் போகலாம் என்று நீ சொன்னபோது, "கடத்தல்காரி" என்று சிரித்தேன். நீ இன்னும் பேசவில்லை, ஆகவே சீட்டு.

சாப்பாட்டுக் கூப்பன் வெஜ்ஜா, நான்வெஜ்ஜா என்று இன்றைக்கே சொல்ல வேண்டுமாம். பார்க்குக்கு போன் போட்டு, "கோழி ஹலால்தானே?" என்றேன். "ஃப்ரெஷ் கோழி சார், இன்னா டவுட்டு?" என்றான் போனை எடுத்தவன். யார் அறுக்கிறார்கள் என்று கேட்டேன். "குழந்தைக்கு ஐஸ்க்ரீம் ஃப்ரீ சார்" என்றான். எனக்கு அந்த ஐஸ்க்ரீம் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

எல்லோருக்கும் வெஜ் சொல்லிவிட்டேன். மச்சான் கேட்டால் நான்வெஜ் தீர்ந்துபோச்சு என்று சொல்.

காலேஜுக்குக் கிளம்புகிறேன். பருப்பைச் சூடுபண்ணிக்கொள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவிடம் கொடு.

பி.கு.: உன் மகளுக்குக் கோழிக்கால் தருவதாக வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன். சாம்பார் சோறு என்றால் மாஹிரா நாள் முழுக்கப் பட்டினி கிடப்பாள், உனக்கே தெரியும்.

இன்னொன்று: ரஷீத் பாய் கறிக்கடையில் கோழிக்கால் வாங்கி, மசாலா தடவி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். காலையில் நானே பொரிக்கிறேன். வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்களாம், கேட்டில் பையைப் பிரித்துப் பார்ப்பார்களாம். அவள் மாற்றுத்துணிக்கு அடியில் வைத்துவிடலாம். பையை நான் தூக்கிக்கொள்கிறேன்.