கெட்டில் தண்ணீரும் ஒரு தம்ளர் ஐஸும்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம், அப்பாவும் இன்று எழுந்து நடமாடுகிறார், இந்தச் சுற்றுலாவில் இதைவிட நல்ல சேதி இல்லை. அங்கே நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

வெளிநாட்டில் கால் வைத்ததுமே உன் அப்பா தண்ணீருக்குக் காவல்காரர் ஆகிவிட்டார். ஹோட்டல் அறையில் வைத்திருந்த பாட்டிலைக் காதருகே பிடித்து மூடியைத் திருகி, "சீல் உடையிற சத்தமே வரல, குழாய்த் தண்ணிய ஊத்தி வச்சிருக்கான்" என்று ஓரங்கட்டினார். கெட்டிலில் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில்தான் பல் விளக்கவே வேண்டுமாம். மறந்துபோய் நான் குழாயில் வாய் கொப்பளித்துவிட்டேன், விஷத்தைக் குடித்தவள்போல என் முதுகில் அறைந்து "துப்பு துப்பு" என்று கத்தினார், அறை பெருக்க வந்த பெண் அடிதடி என்று நினைத்து மேனேஜரையே கூட்டி வந்துவிட்டாள்.

இத்தனை செய்த மனிதர் மறுநாள் கடைத்தெருவில் வெயில் தாங்காமல் பழச்சாறு வாங்கினார், தம்ளர் நிறைய ஐஸ். அது எந்தத் தண்ணியோ என்றேன். முப்பது வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தியவர், "குளிர்ல கிருமியெல்லாம் விறைச்சுச் செத்துடும், உனக்கு என்ன தெரியும்" என்று கடைசிக் கட்டிவரை கடக்முடக்கென்று மென்றார். பொழுது சாய்வதற்குள் வயிறு கலங்கிவிட்டது. கட்டிலுக்கும் கழிவறைக்குமாக நடந்து நடந்து, பிறகு நடக்கவும் தெம்பில்லாமல், உதடு காய்ந்து கண் உள்ளே போய், கூப்பிட்டால் "ம்" என்கிறார், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பாஷையும் தெரியாது. மருந்துக்கடைக்கு ஓடி, வயிற்றைப் பிடித்துக் குனிந்து நெளிந்து காட்டினேன், வரிசையில் நின்றவர்கள் பதறி விலகி எனக்குப் பாத்ரூமுக்கு வழி காட்டினார்கள்! நல்லவேளை, கடைக்காரம்மாவுக்குப் புரிந்தது. உப்புச் சர்க்கரைப் பொடியும் நல்ல தண்ணீரும் கொடுத்து, ஹோட்டல் அட்டையைக் காட்டியதும் டாக்டரையும் அறைக்கே அனுப்பினாள். கரைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினேன். மறுநாள் கண் தெளிந்ததும் என்னைப் பார்த்து, "நீ ஏதாச்சும் குடிச்சியா?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ வேலையாக நாடு நாடாகப் போகிறவன். எதைக் குடித்தாலும் ஐஸ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. நறுக்கிவைத்த பழத்தையும் தொடாதே. இருவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழுங்கள்.

முக்கியமாக ஒன்று, அப்பா போனில் பேசினால் விமானச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்வார். சிரிக்காமல் "ஆமாம்பா" என்று கேட்டுக்கொள், பாவம்.

உன் அம்மா