வாவியைப் பார்த்த வாசல்

நவம்பர் 9, ஞாயிறு

விடியவே தூறல். கல்லடியிலிருந்து முதல் பஸ், மிச்சத் தூரம் ஓட்டோ. ஊரின் பழைய மாதா கோயிலை அளக்கும் வேலை. நாடா, கொப்பி, குடை, தின்னப் பணிஸ் இரண்டு. ஓய்வுபெற்ற படவரைஞர் என்றால் எல்லாருக்கும் சும்மா கிடைக்கிற ஆள். பரவாயில்லை, பிறந்த ஊர்.

கூரை சூறாவளியோடு போனது. மிச்சத்தைச் சண்டைக் காலம் பார்த்துக்கொண்டது. சுவர் மட்டும் அசையவில்லை. செங்கல், சிப்பிச் சுண்ணாம்பு, ஒன்றரை முழத் தடிப்பு. பீடத்துக்குப் பின்னால் அரைவட்டச் சுவர், முன்னால் பெரிய வளைவு. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வாசல் வாவியைப் பார்த்து. கருங்கல் படி தண்ணீருக்குள் இறங்குகிறது. கட்டிய காலத்தில் இங்கே றோட்டே இல்லை, சனம் தோணியில்தான் பூசைக்கு வந்தது. இப்போது படியைக் கரையோரக் கண்ணா மரப் பற்றை மூடிவிட்டது. உள்ளே ஏதோ சலசலத்தது. கால் வைக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

திருத்த வேலைக் குழுக் கூட்டம். பிளேன்ரீயில் சீனி அள்ளிக் கொட்டியிருந்தார்கள். தலைவர் ஜெயசீலன், கொந்தராத்துக்காரன், என் தம்பியோடு படித்தவன். இனி ஜெ. என்றுதான் எழுதுவேன், முழுப்பெயர் எழுத மனமில்லை.

அவன் சொன்னது அப்படியே: "கோயில் பிழையாக் கிறுகி நிக்குது அக்கா. றோட்டுக்கு முதுகு. பீடத்துச் சுவர உடைச்சி அங்கால பெரிய வாசல் வைப்பம். பீடத்தத் தூக்கி மற்றப் பக்கம் வைக்கலாம்."

"அந்தச் சுவர உடைச்சா வளைவு தலையில வந்து விழும்."

"கொங்கிறீட் பீம் போட்டாச் சரி."

"ஒரு வாசல் இருக்கு. மறுகா என்னத்துக்கு இன்னொண்டு?"

"அந்த வாசலால ஆர் வாற? முதலையா?"

எல்லாரும் சிரித்தார்கள். பங்குப் பாதரும்தான்!

சண்டையில் றோட்டைப் பூட்டி வைத்திருந்த காலத்தில் அப்பாவின் சவப்பெட்டியை அந்தப் படியில்தான் இறக்கினோம். தோணியில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் தம்பி. முதலையாம்! படம் கீற மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பீடச் சுவரில் சிவப்புப் பெயின்ற். ஆள் உயரத்துக்குப் பெருக்கல் குறி. வேறு யாரையோ பிடித்துப் படம் கீறியாயிற்று. மழை விட்டதும் இடிக்கிற மெஷின், பெக்கோ, வருமாம்.

பாதருக்குப் போன். "மழை விடட்டும் அக்கா, ஆறுதலாப் பேசுவம்." மழை விட்டால்தானே பெக்கோ வரும்! இந்த மனிதரை என்ன செய்வது?

பிரஷர் குளிசை முடிகிறது. தேங்காய் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

விடாத மழை. குளத்து வான்கதவு திறந்துவிட்டார்கள். ஊருக்குப் போகிற வழியில், வவுணதீவுப் பக்கம், றோட்டுக்கு மேல் தண்ணீர், பஸ் இல்லை. பெக்கோவும் வராது என்று சந்தோஷப்பட்டேன். வயல் வட்டை முழுக்க நெல் தாழ்ந்து கிடக்கிறது என்று தம்பி சொன்னபிறகு வெட்கமாகப் போயிற்று.

மாலை மறுபடி தம்பியின் போன். ஜெ.யின் தாய் திரேசம்மா ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டார். நல்ல மனுசி, அப்பாவின் செத்தவீட்டில் எங்களுக்குச் சோறாக்கித் தந்தவர். புதைக்கிற சவக்காலை கோயிலடியில். தோணியைவிட வேறு வழியில்லை.

நவம்பர் 26, புதன்

மூன்று தோணி. நடுத்தோணியில் பெட்டி, மேலே பிளாஸ்டிக் சீலை. ஜெ. வழி முழுக்க அதிலிருந்து கையை எடுக்கவில்லை. தம்பியும் வேறு சிலரும் விடியவே பற்றையை வெட்டியிருந்தார்கள். கோயில் மேட்டு நிலம், மேற்படிகள் தண்ணீருக்கு வெளியே.

தோணிக்காரர்: "தோணிக்கெண்டே அளந்து கட்டின படி கா இது!"

பெட்டி சரியாமல் இறங்கியது. நேரே வாசல், நேரே பீடம். மைக் இல்லாமலே பாதரின் குரல் வாசல்வரை கேட்டது. அந்த வளைந்த சுவரின் வேலை. பெட்டிக்குப் பின்னால் சிவப்புக் குறி. ஜெ. அதைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். செத்தவீட்டில் வாய் திறக்கக்கூடாது. திறக்கவில்லை, பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

டிசம்பர் 2, செவ்வாய்

வெயில். றோட் திறந்துவிட்டது. ஜெயசீலன் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, சுவர உடைக்கப்போறல்ல. பெக்கோக்காரனுக்கு வேணாமெண்டு சொல்லிப்போட்டன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிளேன்ரீ போட்டேன், சீனியும் கூடவே போட்டேன்.

"அம்மாவ அதாலதானே கொண்டு போன. அதுதான் அக்கா வாசல்."

"ஓம் தம்பி."

"அதான் யோசிச்சன். அந்தப் பழைய கல்லுப் படிய உடைச்சி எடுத்துப்போட்டு, அம்மாட பேரில நல்ல கொங்கிறீட் இறங்குதுறை ஒண்டு கட்டுவம். மாபிளும் பதிக்கலாம். நாளைக்கு பெக்கோ வருது."

கோப்பையை அவன் கையிலிருந்து வாங்கிவிட்டேன். ஜெ. பாதிதான் குடித்திருந்தான்.

நாளை முதல் பஸ். அந்தப் படியில் போய்க் குந்தப்போகிறேன். முதலை வந்தாலும் சரி.