லேசாகத் திறந்த கத்தி

இன்று பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் ஒரு மடக்குக் கத்தியைக் கையில் கொடுத்து, "ஒரு நகம் போதும் அண்ணே, லேசா திறக்கும்" என்றார் கடைக்காரர். திறந்து பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அதே பேச்சைத்தான் நீயும் பேசினாய். நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

ரயில் பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், தேய்ந்த அரங்களை எடுத்து மடக்குக் கத்தி செய்தோம். சண்டையில்லாத ஞாயிறு கிடையாது. அலகு மெல்லியதாக இருந்தால்தான் கயிற்றில் இறங்கும் என்பாய். நெம்பினால் ஒடிந்துவிடும் என்பேன். கடைசியில் முதுகைத் தடிப்பாக விட்டு வாயை மட்டும் மெலிதாக்கினோம். அரத்தின் எஃகு விறைப்பு மிஞ்சினால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். அந்த விறைப்பு தணிய, எஃகு வைக்கோல் நிறம் வரும்வரை பொறுமையாகச் சூடு காட்டியது நீதான். அதில் உன்னை மிஞ்ச ஆளில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கெட்டது வில்லில். விரித்த அலகை மடங்கவிடாமல் அழுத்திப் பிடிக்க, பிடிக்குள் இருக்கும் எஃகுப் பட்டையைத்தான் வில் என்போம். அது விறைப்பாக இருந்தால் திறக்கும்போது நகம் பெயரும். தளர்ந்தால் அலகு விரல்மேல் மடங்கும். கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு வைக்கும் கிட்டங்கிகளில் மூட்டைக் கயிறு அறுக்கும் பெண்கள் நம் கத்திகளை வாங்கியிருந்தார்கள்; திறக்கக் கஷ்டமாக இருக்கிறது என்றார்கள். உடனே, என்னைக் கேட்காமல், பன்னிரண்டு கத்திகளின் வில்லையும் ராவி மெலிதாக்கிக் கொடுத்துவிட்டு வந்தாய்.

"இப்ப லேசா திறக்குதுடா. எல்லாருக்கும் சந்தோஷம்."

"லேசா மூடவும் செய்யும்" என்றேன். சிரித்தாய். நானும் அதோடு விட்டுவிட்டேன். அந்தக் கோபம் என்மேல்.

முனியம்மா என்ற பெண் இறுகிய முடிச்சொன்றில் கத்தி நுனியைக் குத்தி அமுக்கினாள். அலகு மடங்கியது. வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

செய்தி வந்ததும் நீ சொன்னது: "அவ தப்பாப் பிடிச்சிருப்பா."

உன் சட்டையைப் பிடித்தேன். நீ முதலில் மாதிரிக்கென்று வில்லை ராவி வைத்திருந்த கத்தியை விரித்து உன் கையில் திணித்து, "பலகையில குத்தி அமுக்குடா, பாப்போம்!" என்று கத்தினேன். நீ அமுக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு விரல்களை மடக்கிக்கொண்டாய். உனக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

அடுத்த மாதம் கப்பலேறி ஊருக்குப் போனாய். அங்கேயே காய்ச்சலில் செத்தாய் என்று கடிதம் வந்தது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்!

ஆஸ்பத்திரிக்குப் போனவன் நான். அவள் திட்டவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, அந்தக் கத்தி இன்னும் எத்தன பேருகிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

கிட்டங்கி கிட்டங்கியாக ஏறி இறங்கினேன். அவளுடையதோடு பத்துக் கத்திகளைத் திரும்ப வாங்கி, பட்டறைக்கல்லில் வைத்து உடைத்தேன். மீதி இரண்டும் யாரிடம் இருக்கின்றன என்று இன்றுவரை தெரியாது. கிள்ளான் பக்கம் போகும்போதெல்லாம் கயிறு அறுக்கிறவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். நீ பார்த்திருக்க வேண்டிய கைகள்.