கருங்கசத்துக்கு நீ வைத்த தலைப்பு

எவ்வளவு கோபத்தில் எழுதினாலும் பாசம் மட்டும் குறையாத என் அண்ணனுக்கு,

நீ போன பிறகு இரண்டாவது சாரல் காலம் வந்துவிட்டது. காற்று எப்படி, தண்ணீர் எப்படி என்று சொல்லி உன்னைக் குளிர வைக்க எனக்கு மனமில்லை. கெட்ட சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், உனக்குத்தான் அது பிடிக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை நம் ஆற்று மடுவில், அந்தக் கருங்கசத்தில் குதித்த ஒருவனுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இருபத்தோரு வயது, கல்லூரியில் படிக்கிறவன். உன் வலைப்பூவைப் பார்த்துத்தான் போயிருக்கிறான்.

உயிருக்கு ஒன்றுமில்லை. நடப்பானா என்று கேட்டால் டாக்டர் மருந்துச் சீட்டைப் பார்க்கிறார்.

அன்றைக்குப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் வெள்ளம். குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். அவனும் கூட்டாளிகளும் அவ்வளவு தூரம் வண்டியோட்டி வந்துவிட்டு நனையாமல் திரும்புவார்களா? குற்றாலம் பக்கத்தில் குளிக்க வேறு இடம் இருக்கிறதா என்று போனில் தேடியிருக்கிறார்கள். பத்து வருடமாக நீ ஒழுங்காக எழுதிவந்ததற்கு மரியாதையாக, உன் பக்கம்தான் முதலில் வந்து நின்றிருக்கிறது.

நீ என்ன தலைப்பு வைத்திருந்தாய் என்று நினைவிருக்கிறதா? 'மேலகரம் அருகே அமைதியான ஆற்றுக் கசம் கருங்கசம், அங்கே போகும் வழி, சுற்றிலும் பார்க்க வேண்டியவை மற்றும் அதில் குளிக்க வேண்டாம் என்பதற்கான காரணங்கள்.' தலைப்பா அது? கல்யாணப் பத்திரிகை. போனில் 'போகும் வழி' வரைக்கும்தான் தெரிகிறது. அதற்குப் பிறகு மூன்று புள்ளி. குளிக்க வேண்டாம் என்பது அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் போய்விட்டது.

இதை உன் கடையில் வைத்தே உன்னிடம் சொன்னேன். ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம் போதும், தேடுகிறவன் எந்த வார்த்தையைப் போடுவானோ அது முன்னால் வரட்டும், முக்கியமானதைக் கடைசிக்குத் தள்ளாதே, பாதியில் வெட்டிவிடும் என்றேன். நீ பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டாய்.

"ஏலே, கடையத் தெறந்ததும் வந்தவன்கிட்ட இல்லன்னா சொல்லுவாக? சரக்கு தீந்துபோச்சுன்னாகூட நாளைக்கு வருதுன்னுதான் நான் சொல்லுதேன். தலைப்புன்னா வாசல். வாசல்லயே வேண்டாம், போகாதன்னு எழுதி வச்சா வெளங்குமா? உள்ள வந்து படிக்கட்டும். எல்லாம் எழுதியிருக்கேன்."

"எவனும் உள்ள வரமாட்டாண்ணே. வாசலப் பாத்துட்டு வண்டியத் திருப்பிருவான்."

"கேட்டுக்கோங்க அண்ணாச்சி, முனைவர் பட்டம் வாங்கினவரு எனக்குத் தலைப்பு எழுதச் சொல்லித் தாராரு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாய். கடையில் நின்ற மூன்று பேரும் சிரித்தார்கள். நான் நான்கு மாதம் உன் கடைப் பக்கம் வரவில்லை. நீயும் குத்துக்கல்வலசையில் என் வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிடவில்லை. நான் எதையும் மறக்கிறவன் இல்லை, அது உனக்கே தெரியும்.

உன் பக்கத்தைத் திருடி, 'யாருக்கும் தெரியாத ரகசிய சொர்க்கம்' என்று தலைப்பு வைத்து, எச்சரிக்கையை மட்டும் வெட்டிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் அவர்கள் பொய்யர்கள். நீ உண்மையைச் சொல்கிறவன். உன்னை நம்பித்தானே இவன் போனான்?

இன்னொன்றையும் கேள். அந்தப் பையனுக்கு வழி காட்டியது மதினி. கடையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஷாம்பு பாக்கெட் வாங்க வந்தவர்கள் வழி கேட்டிருக்கிறார்கள். ராயகிரியிலிருந்து வந்தவள், இத்தனை வருடத்தில் ஆற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. போனை நீட்டியதும் அதில் உன் பெயர்.

"அவுக பேரப் பாத்ததும் எனக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு தம்பி. எங்க வீட்டுக்காரக எழுதினதுதான்னு பெருமையாச் சொல்லி, அங்கன இசக்கியம்மன் கோயில் பக்கமாத் திரும்புங்கன்னு கையக் காட்டிட்டேன்" என்றாள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை அந்தப் பையனின் அப்பா கடைக்கு வந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து முன்னால் போய் நின்றேன். எழுதியவர் இறந்துவிட்டார் என்று சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து உன் பக்கம் முழுவதையும் படித்தாராம்.

"உள்ள எல்லாம் சரியாத்தான் சார் எழுதியிருக்காரு. இத ஏன் வெளிய எழுதல?"



அன்று சாயங்காலம் மதினியிடம் கடவுச்சொல் கேட்டேன். கடை நோட்டின் பின்அட்டையில் நீ எழுதி வைத்திருக்கிறாய். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் கொடுக்க மறுத்தாள். "அவுக வார்த்தையில கைய வைக்காதீய. எனக்கு மிச்சம் இருக்கது அதுதான்" என்றாள். அந்தப் பையன் படுத்துக் கிடப்பது தெரியவில்லையா என்று கத்திவிட்டேன். அழுதாள். பிறகு, "அவுக என்னதான் எழுதியிருக்காக, மொதல்ல அதப் படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

போனில் திறந்து வாசித்தேன். அடியில் பாறை, ஓரத்தில் வழுக்கல், நடுவில் சுழல் என்று எல்லாம் இருந்தது. கடைசிப் பத்தி இப்படி: 'இந்தக் கசத்தில் என் தம்பி ஏழு வயதில் மூழ்கப் பார்த்தான். முடியைப் பிடித்து வெளியே இழுத்தேன். அதனால்தான் சொல்லுகிறேன், யாரும் இறங்க வேண்டாம்.'

போனைக் கீழே வைத்தேன். உன் தலைப்பைப் பற்றி இத்தனை பேசியவன், ஒரு நாளும் அந்தப் பக்கத்துக்குள் போய்ப் படித்ததில்லை அண்ணே. கரையில் போட்டு நீ என்னை அறைந்தாயே, அது மட்டும்தான் இத்தனை வருடமாக எனக்கு நினைவிருந்தது. எதற்கு அறைந்தாய் என்பதை நான் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

மதினி நோட்டை என் பக்கம் தள்ளினாள். நான் எதுவும் புதிதாக எழுதவில்லை, உன் வார்த்தைகளைத்தான் கீழேயிருந்து மேலே கொண்டுபோனேன். 'கருங்கசத்தில் இறங்க வேண்டாம்: என் தம்பி மூழ்கப் பார்த்த இடம்.' மூழ்கிய இடம் என்று போட்டால் இன்னும் பயப்படுவார்கள்தான், ஆனால் அது பொய், நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். மதினியின் போனில் தேடிப் பார்த்தோம். இரண்டு நாள் பழைய தலைப்பையே காட்டியது. இன்று காலையில் மாறிவிட்டது. புள்ளி வைத்து வெட்டாமல் முழுதாகத் தெரிகிறது.

மூன்று பேர் முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை, சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நீ எழுதியதில் இன்னும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் முதலில் கடைசி வரி வரை படிப்பேன். படித்த பிறகுதான் தலைப்பில் கை வைப்பேன். அந்தப் பையன் எழுந்து நடக்கும் வரைக்கும் வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போவேன். அவன் அப்பாவிடம், அந்தத் தம்பி நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை. நாளைக்குப் போகும்போது சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
நீ முடியைப் பிடித்து இழுத்த உன் தம்பி