ஆஸ்பத்திரியில் இல்லாத சட்டம்

பெரியாஸ்பத்திரி, கோயமுத்தூர்
ஆண்கள் வார்டு, 14-ம் நம்பர் கட்டில்
செவ்வாய்க்கிழமை, 12-9-67

அவிநாசிபாளையத்தில் இருக்கும் என் சம்சாரம் முத்தாத்தாளுக்கு உன் வீட்டுக்காரன் லிங்கசாமி எழுதுவது. நீயும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க சிவன்மலை முருகன் துணை. என் வயிறு பழையபடிதான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நீ வேலைக்குப் போகிற கம்பெனியில் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. எழுத்துக்கூட்டியாவது நீயே படி.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எனக்கு ஆப்பரேசன். குடல்புண்ணை இனிமேல் மருந்தால் ஆற்ற முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட வீட்டு ஆள் வேண்டுமாம், அதனால் நீ வியாழக்கிழமையே வந்துவிடு. சாயங்காலம் நாலிலிருந்து ஆறு மணி வரைக்கும்தான் கேட்டில் பாஸ் கொடுப்பார்கள். பாப்பாவை உள்ளே விடமாட்டார்கள், அம்மாயி வீட்டில் விட்டுவிட்டு வா. பலகாரம் எதுவும் கட்டிக்கொண்டு வராதே, நர்சம்மா பார்த்தால் திட்டும். பெண்கள் தங்க வெளியே ஒரு கொட்டகை இருக்கிறது. போர்வை எடுத்துக்கொள்.

இன்னொரு விசயம். ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் வார்டுக்குள் சம்சாரம், தாயார் தவிர வேறு யாரையும் விடமாட்டார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? அப்படி ஒரு சட்டமே இங்கே கிடையாது. ஒரு பாசுக்கு ரெண்டு பேர், ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் வரலாம். அதை நானேதான் கட்டிவிட்டேன்.

எல்லாம் நம்ம பனியன் கம்பெனி மேஸ்திரி மாரப்பனால் வந்தது. அதற்கு முந்தின ஞாயிறு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தாரே, சலவைச் சட்டையும் கைக்கடிகாரமுமாக, ஒரு பை ஆரஞ்சோடு. நீ ஒன்றை உரித்து முதல் சுளையை யாரிடம் நீட்டினாய்? அவரிடம். எனக்குப் புளிப்பு ஆகாது, தெரியும். ஆனாலும் ஒரு பேச்சுக்காவது என்னைக் கேட்டிருக்கலாம். அப்புறம் கம்பெனியில் நடந்த ஏதோ கதையைச் சொல்லி ரெண்டு பேரும் சிரித்தீர்கள். பத்து வருசம் நான் மிஷின் ஓட்டின கம்பெனி, எனக்கு அந்தக் கதை விளங்கவில்லை. நீங்கள் போனபிறகு எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. புண் ஒரு பக்கம் எரிந்தது, இது ஒரு பக்கம் எரிந்தது. மறுநாளே அந்தக் கடிதத்தை எழுதிப் போட்டேன்.

அதை நம்பி முந்தாநாள் அவர் கேட்டுக்கு வெளியே வெயிலில் ரெண்டு மணி நேரம் நின்றார். பாவமுங்க, மேஸ்திரியண்ணன் வெளியிலயே நிக்கறாருங்க என்று நீ நாலு தடவை சொன்னாய். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். நிக்கட்டும் என்று உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது.

ஆப்பரேசனுக்கு ஒரு பாட்டில் ரத்தம் வேண்டும், என் தம்பி ஆத்தப்பனை அனுப்பு என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். நேற்று அவன் வந்தான். அவன் ரத்தம் எனக்குச் சேராதாம். எனக்கு ஒரே வெசனம். ஆப்பரேசன் தள்ளிப்போனால் உசுரு தாங்குமா என்று கிடந்தேன். இன்றைக்குக் காலையில் நர்சம்மா வந்து, எதுக்குங்க பயப்படறீங்க, ஞாயித்துக்கிழமையே உங்க மச்சான் வந்து கொடுத்துட்டாருங்களே, உங்களுக்கு நல்லாச் சேருது என்றது. எனக்கு ஏதுங்க மச்சான், என் சம்சாரம் ஒத்தைப் பிறப்புங்களே என்றேன். நோட்டைக் கொண்டுவந்து காட்டியது. மாரப்பன், அருள்புரம். உறவு என்ற இடத்தில் சம்சாரத்தின் அண்ணன் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

நீ வெளியே போனதும் ரத்தம் வேண்டியதை அவரிடம் அழுதுகொண்டே சொல்லியிருப்பாய். அவர் நேரே போய்க் கையை நீட்டியிருக்கிறார். ஊரில் இத்தனை பேர் இருக்க இந்த மனுசன் ரத்தம்தானா எனக்குச் சேர வேண்டும்? கோபமும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நேற்று வந்த ஆத்தப்பனிடம்கூட நீ இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. சொல்லாதே என்று அவர் சொல்லியிருப்பார். அவர் சொன்னால் மட்டும் கேட்டுக்கொள்கிறாய். பார், மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன். என் புத்தி லேசில் போகாது.

வியாழக்கிழமை அவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு வா. சட்டமெல்லாம் பொய், எழுதினது நான்தான் என்று வருகிற வழியிலேயே சொல்லிவிடு. மச்சான், வாங்க என்று வாய்நிறையக் கூப்பிடுகிறேன். ஆனால் பஸ்ஸில் நீ பெண்கள் பக்கம் உட்கார்ந்து வா. ஆறு மணி பஸ்ஸுக்கு அவரை அனுப்பிவிடு, மறுநாள் வந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை மயக்கம் தெளிந்து நான் கண் திறக்கிறபோது அவர் எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும். என் தலைமாட்டில் நீ இரு, முத்தாத்தா. முதலில் உன் முகம்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

உன்னையே நம்பிக் கிடக்கும்
லிங்கசாமி